சகலை வீட்டுச் சத்தம்

டியூனருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வருஷம் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தவனை ஊரே டியூனர் என்றுதான் கூப்பிட்டது. பெட்டியைத் திறக்கவே மாட்டான். அது போடும் இரைச்சலைக் கேட்டே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். பெரிய மேட்ச் நடக்கும் நாளில் யார் வீட்டிலாவது படம் ஆடினால், சாப்பாட்டில் கை வைத்தவனை அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் மொட்டை மாடிக்குப் போய் ஆண்டெனாவைக் கொஞ்சம் திருப்புவான். கீழே கூடியிருக்கும் கூட்டம் மொத்தமும் “ஆ” என்னும். அந்த “ஆ”வைக் கேட்டுத்தான் அவன் உடம்பில் ரத்தம் ஓடியது என்று சொன்னால் அது ரொம்ப மிகை இல்லை.

அப்படிப்பட்டவன் கடையை மூடிவிட்டு நாடு விட்டு நாடு வந்ததற்குக் காரணம் அவன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து ஒன்றும் கேட்காதவள், ஒரு நாள் கேட்டாள். அக்கா அங்கே இருக்கிறாள், நாமும் போகலாமா என்றாள். அக்காவின் வீட்டுக்காரர், அதாவது டியூனரின் சகலை, பத்து வருஷமாக அந்த நாட்டில் ஒரு பெரிய சலவை ஆலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவரே காகிதங்களை ஏற்பாடு செய்தார். அவரே வேலை வாங்கிக் கொடுத்தார். தன் வீட்டுக்கு அடுத்த வீட்டையே பிடித்தும் வைத்தார். மனுஷன் இத்தனை நல்லது செய்தால் பக்கத்தில் இருப்பவன் என்னதான் செய்வான்? சொந்த அண்ணன் உசந்தால் பெருமை என்கிறோம். சகலை உசந்தால் வருவதற்கு என்ன பெயர் வைப்பது என்று டியூனருக்குத் தெரியவில்லை. ஆனால் அது வயிற்றில்தான் இருக்கிறது, சாப்பிட்ட பிறகு அதிகமாகிறது என்பது மட்டும் தெரிந்தது.

கிளம்புவதற்கு முன்னால் சகலை போனில் ஒரு வார்த்தை சொன்னார்.

“எல்லாம் எடுத்துட்டு வாங்க சகலை. டி.வி. மட்டும் வேண்டாம். அங்க இருக்கற டி.வி. இங்க எடுக்காது.”

எடுக்காதா? யாரிடம் யார் சொல்வது? டியூனர் போனை வைத்த கையோடு போய், தன் கையாலேயே கோத்துப் பூட்டிய பதினாலு இஞ்ச் பெட்டியை நாலு போர்வையில் சுற்றிக் கட்டினான். கல்யாணமான வருஷம் மனைவிக்காக அவன் உட்கார்ந்து சேர்த்த பெட்டி அது. போர்வைக்கு இடம் வேண்டும் என்று பாத்திரங்களில் பாதியை வெளியே எடுத்துவிட்டான். சகலை அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவனே ஒருவேளை டி.வி.யை விட்டுவிட்டு வந்திருப்பான்.

வந்து சேர்ந்த மறுநாள் சாயங்காலம் பெட்டியை நடு அறையில் வைத்தான். மனைவி, மகள், சகலை, மனைவியின் அக்கா, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். டியூனர் சுவிட்சைப் போட்டான். படம் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி வந்தது. செய்தி வாசிக்கும் பெண்ணின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரிந்தது. அவன் சகலையைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகை விட்டான். அதன் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்தப் பெண் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள், பெட்டியிலிருந்து “உஸ்ஸ்” என்ற காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார் சகலை. குத்திக்காட்டும் குரல்கூட இல்லை. பாவப்பட்டுச் சொன்னார். அதைத்தான் டியூனரால் தாங்க முடியவில்லை.

அன்று தொடங்கியது வைத்தியம். ஆலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் பெட்டியின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஸ்பீக்கரைக் கழற்றி ஒரு பேட்டரியின் இரண்டு முனையைத் தொட்டுப் பார்த்தான். “டக்” என்றது, உயிரோடு இருக்கிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியைத் துடைத்தான். ஆண்டெனா ஒயரை மாற்றினான். பழைய வீடியோ கேசட் பிளேயர் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தபோது பாட்டு தெள்ளத் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் பெட்டியில் கோளாறே இல்லை. இரண்டாவது வாரம் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. படத்தையும் குரலையும் தனித்தனி அலையில் ஒன்றாக அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவன் ஊரில் ஓர் அளவு, இங்கே கொஞ்சம் அதிகம். பெட்டி தன் பழைய இடத்திலேயே குரலைத் தேடுகிறது, குரல் தள்ளி நிற்கிறது. உளுந்து அளவுக்கு ஒரு சின்ன உறுப்பை மாற்றினால் தீர்ந்தது.

அந்த உறுப்பு எங்கே கிடைக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆலைக்குப் போகும் வழியில் ரேடியோ சாமான் கடை ஒன்று இருந்தது. ஆனால் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, டியூனருக்கு அந்த ஊர்ப் பேச்சு வராது. ஒரு தடவை உள்ளே போய்க் கையால் காட்டிப் பார்த்தான். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பல்பை எடுத்து வந்து நீட்டினார். கடைக்கு வந்து பேசிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் சகலை. அவரிடம் போய், “சகலை, எனக்காக வந்து கேளுங்க” என்று சொல்வதைவிட வாழ்நாள் பூராவும் ஊமைப் படம் பார்க்கலாம் என்று டியூனர் முடிவு செய்தான்.

பார்த்தான். ஆனால் தனியாகப் பார்த்தான். ஏனென்றால் சாயங்காலம் ஏழு மணி ஆனால் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ஏழு மணிக்கு ஒரு நாடகம். அந்த ஊர் மொழி நாடகம்தான். பத்து வருஷம் இருந்த அக்காவுக்கு எல்லாம் புரியும், அவள் சொல்லச் சொல்ல இவள் கேட்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் அட்டை மாதிரி. டியூனர் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதே நாடகத்தைத் தன் பெட்டியில் போடுவான். வாய் இங்கே அசையும், பேச்சு சுவரைத் தாண்டி வரும். அழுகை இங்கே, விம்மல் அங்கே. நடுநடுவே வீட்டு ஆட்களின் சிரிப்பு. வார்த்தை ஒன்றும் பிடிபடாது, சிரிப்பு மட்டும் தெளிவாக வரும். அதில் தன் மனைவியின் சிரிப்பு எது என்று அவன் பிரித்து எடுப்பான். கடையில் இரைச்சலைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காதாயிற்றே. என்ன சொல்லி சகலை அவளைச் சிரிக்க வைக்கிறார்? நான் என்றைக்காவது அவளை இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேனா? உள்ளே புகைய ஆரம்பித்தால் அது தூங்கும்வரை அணையாது.

வீட்டுக்குத் திரும்பி வந்தவள் சும்மாவாவது இருப்பாளா?

“மாமா வீட்ல குரல் எவ்ளோ தெளிவா கேக்குது தெரியுமா? பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு.”

“ம்.”

“பெரியப்பா டி.வி. பேசும்பா. நம்ம டி.வி.க்குத்தான் பேச வராது” என்றாள் மகள். ஆறு வயசுக் குழந்தையை என்னவென்று திட்டுவது?

ஆலையிலும் விமோசனம் இல்லை. அது ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கும் இடம். ஈரப் படுக்கை விரிப்பைச் சூடான உருளைக்குள் ஒரு பக்கம் இரண்டு பேர் விட வேண்டும், மறுபக்கம் காய்ந்து வருவதை இரண்டு பேர் முனை பிடித்து மடிக்க வேண்டும். டியூனர் மடிக்கும் பக்கம். நீராவியில் சட்டை காலை ஒன்பது மணிக்கே முதுகோடு ஒட்டிவிடும். சகலை கையில் அட்டையோடு வரிசை வரிசையாக நடந்து வருவார். அவர் வந்தால் ஆட்கள் வாய் நிறையச் சிரித்தார்கள். யாரும் பயந்து சிரித்ததாகத் தெரியவில்லை. அந்த மனுஷனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் டியூனருக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஒரு நாள் அவர் நின்று, மெதுவான குரலில் சொன்னார்.

“எங்க வீட்ல பழைய செட் ஒண்ணு சும்மா கெடக்கு சகலை. நல்லா ஓடும். எடுத்துக்கறீங்களா?”

டியூனரின் கையிலிருந்த விரிப்பின் முனை நழுவியது. பன்னிரண்டு வருஷம் ஊருக்கே டி.வி. பார்த்தவனுக்குப் பழைய டி.வி.யா?

“வேண்டாம் சகலை. என்னோடது ரெண்டு நாள்ல பேசிடும்.”

ரெண்டு நாளாவது! இந்த ஊருக்கு வந்தே இருபது நாள் ஆயிற்று. இந்த எரிச்சலில்தான் அந்த யோசனை பிறந்தது. யோசனை ரொம்பச் சின்னது. சகலை வீட்டு டி.வி. ஒரே ஒரு நாள் படுத்துக்கொண்டால் போதும். யாரைக் கூப்பிடுவார்கள்? இந்த ஊரில் அவர்களுக்கு யாரைத் தெரியும்? அடுத்த வீட்டுக் கதவைத்தான் தட்டியாக வேண்டும். அவன் நிதானமாகப் போவான். இரண்டு கேள்வி கேட்பான். மாடிக்குப் போவான். கீழே “ஆ” என்பார்கள். அந்த “ஆ”வில் அவன் மனைவியின் குரலும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தபோது மொட்டை மாடிக்குப் போனான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆண்டெனா, ஒயர் எல்லாம் சுவரோரமாக இறங்கியது. சகலை வீட்டு ஆண்டெனாவின் சின்னப் பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒயரைப் பிடித்திருந்த திருகை இரண்டு சுற்று தளர்த்தி, செம்புக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு மூடினான். பதினைந்து வயசில் தொழில் படித்ததிலிருந்து ஒரு நல்ல இணைப்பை அவன் கெடுத்தது அதுதான் முதல் தடவை. ஆனாலும் செய்தான்.

திங்கட்கிழமை ஏழு மணி. சுவருக்கு அப்பால் அரிசி கொட்டுவது போல இரைச்சல். டியூனர் ஏற்கெனவே தலை வாரி, சட்டை மாற்றி, ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைத்துத் தயாராக இருந்தான். கதவு தட்டும் சத்தம் வரவில்லை. அரை மணி கழித்து மனைவிதான் வந்தாள்.

“அங்க டி.வி. போயிடுச்சு” என்றாள்.

“அப்படியா! என்னவாம்?”

“என்னமோ.” அவள் உள்ளே போய்விட்டாள்.

நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தான். செவ்வாய்க்கிழமை ஆலையில் வலியப் போய்ப் பேச்சுக் கொடுத்தான். “வீட்ல எல்லாம் நல்லா இருக்கா சகலை?” என்றான். “எல்லாம் சூப்பரா இருக்கு சகலை” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த உருளைக்குப் போனார். என்ன மனுஷன் இவர்? வீட்டில் டி.வி. செத்துக் கிடக்கிறது, சூப்பராம்!

அன்று ஏழு மணிக்கும் மனைவி கிளம்பினாள்.

“அங்கதான் டி.வி. ஓடலையே?” என்றான்.

“அதனால என்ன?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சுவர் தாண்டி வந்த சிரிப்பு முன்னைவிட இரண்டு மடங்கு. புதன்கிழமை அதைவிட அதிகம். யாரோ உரக்கப் பேசினார்கள், யாரோ பொய்யாக அழுதார்கள், அப்புறம் கை தட்டினார்கள். டி.வி. இல்லாமல் இவர்களுக்கு இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? இத்தனை நாள் டி.வி. மேல் பொறாமைப்பட்டாவது காலத்தை ஓட்டினான். இப்போது எதன் மேல் பொறாமைப்படுவது என்றே தெரியாமல், மொத்தமாக எல்லாவற்றின் மேலும் பட்டான். வியாழக்கிழமை அவனால் முடியவில்லை. எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டினான்.

உள்ளே டி.வி.யை ஒரு துணி போட்டு மூடியிருந்தார்கள். சகலை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார். நாடகத்தில் வரும் மாமியாராம். நாடகம் பார்க்க முடியாததால் அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களே இட்டுக்கட்டி நடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கதை சொன்னாள். அவன் மனைவி மருமகள். மகள் போலீஸ்.

“டி.வி. போயிடுச்சாமே. நான் வேணும்னா மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமா?” என்றான். எத்தனை தடவை ஒத்திகை பார்த்த வார்த்தைகள். வெளியே வரும்போது பிச்சை கேட்பது போல வந்தது.

“அட, அது கெடக்கட்டும் சகலை! நல்ல நேரத்துல வந்தீங்க, வில்லனுக்குத்தான் ஆள் இல்லாம தவிக்கறோம்” என்றார் சகலை.

“வாங்க தம்பி, இப்படி நில்லுங்க” என்று அக்கா அவன் தோளில் ஒரு துண்டைப் போட்டு நடுவில் நிறுத்தினாள். மனைவி எதிரே வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்து, விரலை நீட்டி, நாடகக் குரலில் கேட்டாள்.

“சொல்லு! இந்த வீட்டு நிம்மதியக் கெடுத்தது நீதானே?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டியூனரின் முகத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் அவள் கண் சிரிக்கவில்லை.

“பேச்சே வரலியே, என்னமா நடிக்கறார் பாரு” என்றார் சகலை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள்.

“எத்தன சுத்து கழட்டினீங்க?”

மறுக்கலாம் என்றுதான் அவன் வாயைத் திறந்தான்.

“ரெண்டு.”

“ஞாயித்துக்கிழம உங்களக் காணோம்னு தேடிக்கிட்டு மாடிக்கு வந்தேன். சின்னப் புள்ள மாதிரி திருடிக்கிட்டு நிக்கறீங்க. அப்படியே எறங்கி வந்துட்டேன்.”

“அக்காகிட்ட சொல்லிட்டியா?”

“காத்துல கழண்டிருக்கும்னு சொன்னேன். மாமா உங்களக் கூப்பிடறேன்னு எந்திரிச்சாரு. நீங்க வேலைல களைச்சுப் போயிருக்கீங்க, தொந்தரவு பண்ணாதீங்கன்னு நான்தான் தடுத்தேன். ஓடி வந்து சரி பண்ணி நல்ல பேர் வாங்கிடுவீங்களா? நாலு நாள் கெடந்து வேகட்டும்னுதான் விட்டேன்.”

“ஏன் காட்டிக் குடுக்கல?”

“நல்லாருக்கே! எங்க அக்கா வீட்டுல உங்கள விட்டுக் குடுப்பேனா?” அவள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினாள். “அந்தப் பழைய செட்ட மாமா நாலு தடவ எங்கிட்டயும் குடுத்தாரு. நாலு தடவையும் வேண்டாம்னேன். எங்க வீட்டுக்காரர் பேச வைப்பாரு, அவர் கைக்கு வராத டி.வி.யே கெடையாதுன்னு பெரும பேசிட்டு வர்றேன். நீங்க என்னடான்னா பெட்டி முதுகையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பகல் பூரா இந்தச் சுவத்தப் பாக்கறேன். சாயங்காலமும் சுவத்தப் பாக்கவா? அங்க நான் நாடகமா பாக்கறேன்? அதுல ஒரு வார்த்த புரியுதா எனக்கு?”

இந்த இருபத்து நாலு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள் என்பது டியூனருக்குப் புதிது. அது மட்டும் அவன் காதில் விழவில்லை.

“போங்க. போய் அத மாட்டிட்டு வாங்க” என்றாள்.

அந்த ஊரில் கோடையில் எட்டு மணிக்கும் வெயில் இருக்கும். டியூனர் மாடியேறி ஆண்டெனாவின் சின்னப் பெட்டியைத் திறந்து, கம்பியைத் துடைத்து, திருகை இறுக்கினான். இரண்டு சுற்று. அதே நொடியில் கீழே சகலை வீட்டில் பெரிய ஆரவாரம் கேட்டது. “ஆ” என்ற அந்தச் சத்தம். எத்தனை நாள் ஆகிவிட்டது அதைக் கேட்டு! டியூனருக்கு உடம்பு சிலிர்த்தது. படி இறங்கி வந்தால், சகலை வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அக்கா வாசலில் நின்று அவன் மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தாள்.

“வந்துருச்சுடீ! மாமா சும்மா போட்டுப் பாத்து தலைல ஒரு தட்டு தட்டினாரு, பளிச்சுன்னு வந்துருச்சு!”

சகலை தன் உள்ளங்கையைத் தானே வியப்போடு பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரே தட்டு சகலை! இத்தன நாள் தெரியாமப் போச்சு பாருங்க.”

டியூனரின் வயிறு எப்போதும் போல எரிந்தது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வான், திறக்காவிட்டால் பெயர் சகலைக்குப் போகிறது. மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். “மாமாவுக்கு ராசியான கை அக்கா” என்று அக்காவிடம் சொன்னாள். கண் அவன் மேல் இருந்தது.

அவள் பேசிய பெருமைக்கு இனி அவன்தான் பொறுப்பு. டியூனர் சொன்னான்.

“சகலை, எங்கூட நாளைக்கு அந்த ரேடியோ கடை வரைக்கும் வர்றீங்களா? என் டி.வி.க்கு ஒரு சாமான் வாங்கணும். எனக்கு அங்க பேச வராது.”

சொல்லிவிட்டான். செத்துப்போகவில்லை.

“வராம? தாராளமா வர்றேன்” என்றார் சகலை. பிறகு தன் கையை மறுபடி பார்த்தார். “ஆனா கடை எதுக்கு சகலை? அதயும் ஒரு தட்டு தட்டிப் பாத்துடுவோமே!”

கையை ஓங்கியபடியே அவர் டியூனரின் வீட்டுக்குள் நுழைந்தார். ஊமைப் பெட்டியில் யாரோ வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். டியூனருக்கு அந்த உறுப்பு தெரியும், அலை தெரியும், இடைவெளி தெரியும். தட்டினால் பேசாது என்பதை எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வான். இருந்தும் அந்தக் கை இறங்கியபோது, எங்கே பேசித் தொலைத்துவிடுமோ என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நல்ல வேளை, பேசவில்லை.